"ஒரே கையெழுத்துல வீட்டுக்கு அனுப்பணும்" என்று பேசுகிறவர்களுக்கு…

தோழர்களே,

ஆசிரியர், பஸ் தொழிலாளி, நர்ஸ், தூய்மைப் பணியாளர், ஆபீஸ் கிளார்க். இவர்களில் யார் வேலைநிறுத்தம் அறிவித்தாலும் அடுத்த அரை மணி நேரத்தில் ஒரே மாதிரி மீம்கள் கிளம்பிவிடும்.

"கை நிறைய சம்பளம் வாங்குறவனுக்கு ஸ்டிரைக் ஒரு கேடா?"

"மக்கள் வரிப்பணத்துல உட்கார்ந்து சாப்பிட்டுட்டு மக்களையே வதைக்கிறாங்க."

"2003 மாதிரி ஒரே கையெழுத்துல எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பணும்."

எதிர் முகாமில் இருப்பவர்கள் பகிர்ந்தால் நாம் கடந்து போகலாம். நம் கொடியைப் பிடிக்கும் தம்பிகளில் சிலரும் இதையே பகிர்கிறார்கள். அதனால்தான் கொஞ்சம் நீளமான இந்தப் பதிவு. பொறுமையா முழுசும் படிச்சுட்டு, அப்புறம் எந்தப் பக்கம் நிற்கணும்னு முடிவு பண்ணுங்க.

அந்த "ஒரே கையெழுத்து" கதையிலிருந்தே தொடங்குவோம்.

■ 2003ல் நடந்தது என்ன?

அன்றைய அதிமுக அரசு ஓய்வூதியப் பலன்களிலும் மற்ற சலுகைகளிலும் கை வைத்தது. 2003 ஏப்ரல் 1 முதல் வேலைக்குச் சேருகிறவர்களுக்குப் பழைய ஓய்வூதியம் கிடையாது என்றாகி, பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் வந்தது. பேசிப் பார்த்தார்கள், மனு கொடுத்தார்கள், ஆர்ப்பாட்டம் செய்தார்கள். ஒன்றும் நடக்கவில்லை. ஜூலை 2ல் வேலைநிறுத்தம் தொடங்கியது.

இரண்டே நாளில், ஜூலை 4ல், டெஸ்மா சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம். விசாரணை கிடையாது, விளக்கம் கேட்கும் வழக்கம் கிடையாது. சுமார் 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். அரசு ஊழியரை விசாரிக்காமல் பணிநீக்கம் செய்யக் கூடாது என்பதுதான் அரசியல் சாசனத்தின் 311வது பிரிவு தரும் பொதுவான பாதுகாப்பு. அந்தப் பாதுகாப்பு ஒரே ராத்திரியில் காற்றில் பறந்தது.

வீட்டுக்கடன் கட்டிக்கொண்டிருந்தவர், பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயித்திருந்தவர், ரிட்டயர்மென்ட்டுக்கு நாள் எண்ணிக்கொண்டிருந்தவர் எல்லாரும் அந்தப் பட்டியலில் இருந்தார்கள். கடைசியில் உச்ச நீதிமன்றம் வரை போய், நிபந்தனையற்ற மன்னிப்புக் கடிதமும் இனி இப்படிச் செய்ய மாட்டேன் என்ற உறுதிமொழியும் எழுதிக் கொடுத்த பிறகே பெரும்பாலானவர்கள் திரும்ப வேலைக்குச் சேர முடிந்தது. உரிமையைக் கேட்டதற்கு மன்னிப்பு!

சரி, அதனால் மக்களுக்கு என்ன கிடைத்தது? தாலுகா ஆபீசில் லஞ்சம் ஒழிந்ததா? ஆஸ்பத்திரியில் கூட்டம் குறைந்ததா? பள்ளிக்கூடத்துக்குக் கூடுதல் வாத்தியார் வந்தாரா? எதுவும் வரவில்லை. அடுத்த ஆண்டு 2004 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் ஒன்றில்கூட அதிமுக அணி ஜெயிக்கவில்லை. முடிவு வந்த அதே மாதத்தில் ஊழியர்கள் மீதான நடவடிக்கைகளை அதே அரசே திரும்பப் பெற்றது. "இரும்புக்கரம்" என்று இன்றைக்கும் சிலர் சிலாகிக்கிற அந்தக் கையெழுத்தை, போட்டவர்களே அடித்துத் திருத்திய கதை இது. மீம் போடுகிறவர்கள் பாதிக் கதையில் நிறுத்திவிடுகிறார்கள்.

■ "கோர்ட்டே உரிமை இல்லைன்னு சொல்லிடுச்சே?"

சொன்னது உண்மை. டி.கே.ரங்கராஜன் வழக்கில் 2003 ஆகஸ்ட் 6ல் நீதிபதிகள் எம்.பி.ஷா, ஏ.ஆர்.லட்சுமணன் அமர்வு, அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ, சட்ட உரிமையோ, தார்மீக உரிமையோ கிடையாது என்று தீர்ப்பளித்தது. தீர்ப்பு தீர்ப்புதான். அதை விமர்சிக்கும் உரிமை நமக்கு உண்டு, விமர்சிக்கிறோம்.

இதே உச்ச நீதிமன்றம் 1989ல் பி.ஆர்.சிங் வழக்கில், வேலைநிறுத்தத்தை அடிப்படை உரிமை என்ற இடத்தில் வைக்காவிட்டாலும், தொழிலாளர்கள் தங்கள் குறையைத் தீர்த்துக்கொள்ளும் வழிகளில் அதுவும் ஒன்று என ஏற்றிருந்தது. போக்குவரத்து, மின்வாரியம் போன்ற இடங்களில் வேலை செய்கிறவர்களுக்கு 1947ம் ஆண்டு தொழில் தகராறு சட்டமே வேலைநிறுத்தத்துக்கு நோட்டீஸ் கொடுக்கும் முறையை எழுதி வைத்திருந்தது. நோட்டீஸ் கொடுத்து, காலக்கெடு முடிந்து செய்கிற ஒன்றை "சட்டவிரோதம்" என்று ஒரே கோணியில் போட்டுக் கட்ட முடியாது.

தார்மீக உரிமை இல்லை என்கிறார்களே, அந்த தார்மீகம் எல்லாருக்கும் பொதுவானதுதானே? கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை அமல்படுத்தாத அரசுக்கு எந்த தார்மீகம்? மருமகள் உடைத்தால் பொன்குடம், மாமியார் உடைத்தால் மண்குடம்! ஊழியர் ஒரு நாள் வேலையை நிறுத்தினால் குற்றம். அரசு வருஷக்கணக்கில் வாக்கை நிறுத்தி வைத்தால் அது "நிதி நெருக்கடி".

■ "வருமானம் எல்லாம் இவங்க சம்பளத்துக்கே போகுதே?"

அந்த 2003 தீர்ப்பிலேயே இந்த வாதம் இருக்கிறது. நேரடி வரி வருவாயில் சுமார் 90 சதவீதம் சம்பளத்துக்கே போகிறது என்று. இருபது வருஷத்துக்கு மேலாக ஆட்சியில் யார் இருந்தாலும் இதே பாட்டு, சதவீதம் மட்டும் மாறும்.

முதலில் ஒன்றைக் கவனிங்க. அது "நேரடி வரி" கணக்கு. அரசுக்கு வருகிற மொத்தப் பணமும் அதில் இல்லை. நாம் சோப்பு, தீப்பெட்டி வாங்கும்போது கட்டுகிற வரி அந்தக் கணக்கிலேயே வராது. மேடையில் ஏறும்போது "நேரடி" என்ற சொல் காணாமல் போய், "வருமானத்தில் 90 சதவீதம்" என்று ஆகிவிடுகிறது.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. சம்பளம் என்றால் என்ன? அரசுப் பள்ளி என்பது கட்டடமா? வாத்தியார் இல்லாத கட்டடம் வெறும் கொட்டகை. நர்ஸ் இல்லாத ஆஸ்பத்திரியில் கட்டில் மட்டும்தான் இருக்கும். டிரைவர் இல்லாத பஸ் டிப்போவில் நிற்கிற தகரம். கல்வி, மருத்துவம், போக்குவரத்து, குடிநீர், துப்புரவு எல்லாமே ஆட்கள் செய்கிற வேலை. அந்த ஆட்களுக்குக் கொடுக்கிற சம்பளம்தான் மக்களுக்குச் செய்கிற செலவு. "சம்பளத்துக்குப் போச்சு, மக்களுக்கு ஒண்ணும் மிச்சமில்லை" என்று சொல்வது, "அரிசிக்கே காசு போச்சு, சோத்துக்கு ஒண்ணும் மிச்சமில்லை" என்று சொல்கிற மாதிரி.

■ "பாதிக்கப்படுறது பொதுமக்கள்தானே?"

ஆமாம். பாதிக்கப்படுகிறார்கள். இதை மறைத்துப் பேச நமக்கு அவசியம் இல்லை. 2018 ஜனவரி 4 முதல் 11 வரை அரசு பஸ் ஓடாதபோது கூலி வேலைக்குப் போகிறவர், கல்லூரி மாணவி, ஆஸ்பத்திரிக்குப் போகிற பெரியவர் எல்லாரும் திண்டாடினார்கள். பொங்கல் நேரம் வேறு. ஷேர் ஆட்டோவில் கேட்ட காசைக் கொடுத்தார்கள்.

ஆனால் அந்த எட்டு நாள் ஏன் வந்தது? ஊதிய ஒப்பந்தம் இழுத்துக்கொண்டே போனது. தொழிலாளியின் சம்பளத்தில் பிடித்த வருங்கால வைப்பு நிதி உள்ளிட்ட தொகைகளை உரிய கணக்கில் கட்டாமல், கழகங்கள் அன்றாடச் செலவுக்கு எடுத்துவிட்டன. முப்பது வருஷம் ஸ்டியரிங் பிடித்தவர் ரிட்டயர் ஆகி, தன் சொந்தப் பணத்துக்காக ஆபீஸ் ஆபீசாக அலைந்தார். உங்க சம்பளத்துல பிடிச்ச காசை உங்க முதலாளி எடுத்துச் செலவு பண்ணா அதுக்குப் பேர் என்ன? அரசு செய்தால் மட்டும் வேறு பேரா?

இன்னொன்றையும் நினைவில் வைங்க. வேலைநிறுத்தம் ஜனவரி 11ல் முடிந்தது. ஜனவரி 20ல் பஸ் கட்டணத்தை உயர்த்தினார்கள். எட்டு நாள் பஸ் இல்லாததற்கு மக்களுக்காகக் கண்ணீர் விட்டவர்கள், தினம் தினம் மக்கள் பையிலிருந்து கூடுதல் காசு எடுக்கும்போது எங்கே போனார்கள்? ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதைதான்.

ஆட்சி மாறியது. 2024 ஜனவரியில் மறுபடி போக்குவரத்து வேலைநிறுத்தம். கோரிக்கை என்ன? ஓய்வு பெற்றவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் நிறுத்தி வைத்த அகவிலைப்படி, காலிப் பணியிடங்கள், புதிய ஊதிய ஒப்பந்தம். கோட்டையில் ஆள் மாறினாலும் கோரிக்கை மனுவில் எழுத்து மாறவில்லை. காலிப் பணியிடத்தை நிரப்பு என்பது யாருக்கான கோரிக்கை? டிரைவர் கண்டக்டர் இல்லாமல் உங்க ஊர் டிரிப் கட் ஆகிறதே, அந்த பஸ்ஸுக்கான கோரிக்கை!

■ "எல்லாருமே நல்லா சம்பாதிக்கிறவங்கதானே?"

2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடிய ஒப்பந்த நர்ஸ்களின் மாதச் சம்பளம் எவ்வளவு தெரியுமா? 7,700 ரூபாய். அரசு நடத்திய தேர்வு எழுதி, தேர்ச்சி பெற்று வந்தவர்கள் அவர்கள்.

2019 ஜனவரியில் ஜாக்டோ ஜியோ வேலைநிறுத்தத்தின்போது ஆசிரியர்கள் கைதானார்கள், சஸ்பெண்ட் செய்யப்பட்டார்கள். அவர்கள் இடத்துக்கு அரசு தற்காலிக ஆசிரியர்களைத் தேடியது. கொடுக்க முன்வந்த சம்பளம் 10,000 ரூபாய். பி.எட். முடித்த நம் வீட்டுப் பிள்ளையின் மதிப்பு அரசின் கண்ணில் அவ்வளவுதான்.

2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை வாசலில் 13 நாள் உட்கார்ந்திருந்த தூய்மைப் பணியாளர்கள் யார்? ராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் குப்பை அள்ளியவர்கள். பெரும்பாலும் பெண்கள். நிரந்தர ஊழியர்கள்கூட இல்லை. எங்களைத் தனியார் கம்பெனிக்குத் தள்ளிவிடாதே, வாங்குகிற சம்பளத்தைக் குறைக்காதே என்றுதான் கேட்டார்கள். நள்ளிரவில் போலீஸ் வந்து அள்ளிக்கொண்டு போனது. கொரோனா காலத்தில் "முன்களப் பணியாளர்" என்று மாலை போட்ட அதே கைகள்!

"கொழுத்த சம்பளம்" மீமில் இவர்கள் யாரும் வர மாட்டார்கள். அங்கன்வாடி அக்கா வர மாட்டார். சத்துணவு சமையலர் வர மாட்டார். எங்கோ ஒரு உயர் அதிகாரியின் சம்பளச் சீட்டைக் காட்டி இவர்கள் எல்லாருடைய வயிற்றிலும் அடிப்பார்கள்.

தனியாரில் வேலை பார்க்கும் தம்பி ஒருவர் கேட்கிறார்: "எனக்கே பென்ஷன் இல்லை, அவனுக்கு எதுக்கு?" தம்பி, கேள்வியைத் திருப்பிப் போடு. அவனுக்கு இருக்கு, எனக்கு ஏன் இல்லைன்னு கேளு. பக்கத்து வீட்டுக் கூரையைப் பிரித்துப் போட்டால் நம் வீட்டில் மழை ஒழுகாமல் நின்றுவிடுமா?

■ "லஞ்சம் வாங்குறவனுக்கா ஆதரவு?"

இந்தக் கோபத்தை நாம் மதிக்கிறோம். ஒரு சாதிச் சான்றிதழுக்கு நாலு நாள் அலைந்தவர், பட்டா மாறுதலுக்குக் காசு கொடுத்தவர், ஆஸ்பத்திரி வாசலில் ஸ்ட்ரெச்சர் தள்ள நூறு ரூபாய் கொடுத்தவர் கோபப்படாமல் என்ன செய்வார்? அந்தக் கோபம் நியாயம்.

ஆனால் யோசித்துப் பாருங்க. மேஜைக்கு அடியில் வாங்குகிறவனுக்குச் சம்பள உயர்வு எதற்கு? வேலைநிறுத்தம் எதற்கு? சம்பளம் வெட்டானால், சஸ்பெண்ட் ஆனால் குடும்பம் தெருவுக்கு வந்துவிடும் என்று தெரிந்தும் பந்தலில் வந்து உட்காருவது, சம்பளத்தை மட்டும் நம்பிப் பிழைக்கிறவர்கள்தான். லஞ்சத்தை ஒழிக்க லஞ்ச ஒழிப்புத் துறை இருக்கிறது. அதை மேலிடத்துத் தலையீடு இல்லாமல் வேலை செய்ய விடட்டும். சேவை உரிமைச் சட்டம் கொண்டுவந்து, எத்தனை நாளில் எந்த வேலை முடியும் என்று எழுதிக் கொடுக்கட்டும். லஞ்சக்காரனைப் பிடிக்க வக்கில்லாமல், நேர்மையாகப் போராடுகிறவன் மீது டெஸ்மாவை ஏவுவது எந்த ஊர் நியாயம்?

சங்கங்களுக்கும் நாம் வெளிப்படையாகச் சொல்கிறோம். உயிர் காக்கும் சேவை ஒரு நிமிஷம்கூட நிற்கக் கூடாது. கோரிக்கைப் பட்டியலில் சம்பளத்துக்குப் பக்கத்திலேயே மக்களின் தேவையும் இருக்க வேண்டும். போராட்டத்துக்கு முந்தின வாரமே ஊர் ஊராகப் போய், ஏன் செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். மக்கள் பக்கத்தில் இல்லாத போராட்டத்தை நசுக்குவது அரசுக்கு ரொம்பச் சுலபம்.

■ அழுத பிள்ளைதான் பால் குடிக்கும்

1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர்கள் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஒடுக்கினார்கள். ஆனால் 1966ல் அரசும் ஊழியரும் உட்கார்ந்து பேச கூட்டு ஆலோசனை அமைப்பு வந்தது.

1974 மே மாதம் ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் இருபது நாள் ரயில்வே வேலைநிறுத்தம். ஆயிரக்கணக்கில் கைது, குடியிருப்புகளிலிருந்து குடும்பங்கள் வெளியேற்றம். தோற்றது என்று எழுதினார்கள். கேட்ட போனஸ் 1979ல் வந்தது.

2019ல் ஜாக்டோ ஜியோ போராட்டம் ஒன்பது நாளில் வாபஸ். "அடக்கிவிட்டோம்" என்றார்கள். 2021 தேர்தல் அறிக்கையில் 309வது வாக்குறுதியாகப் பழைய ஓய்வூதியம் ஏறியது எப்படி? திமுகவுக்குத் தானாக ஞானோதயம் வந்தா? பந்தலில் உட்கார்ந்தவர்களின் ஓட்டுக் கணக்குதான் அந்த வரியை எழுத வைத்தது. எழுதியவர்கள் அதைப் பற்றி ஆராயக் குழு போட்டதே ஆட்சிக்கு வந்த நான்காவது ஆண்டில்!

ராஜஸ்தான், சத்தீஸ்கர், பஞ்சாப், இமாச்சல் அரசுகள் பழைய ஓய்வூதியத்துக்குத் திரும்புவதாக அறிவித்ததும், "முடியவே முடியாது" என்றிருந்த பாஜக ஒன்றிய அரசு 2024 ஆகஸ்டில் 50 சதவீத உத்தரவாதத்தோடு ஒருங்கிணைந்த ஓய்வூதியத் திட்டத்தை அறிவித்ததும் யாருடைய கருணையாலும் நடக்கவில்லை.

■ இப்போது கை வைப்பது எல்லாருடைய உரிமையிலும்

அரசு ஊழியருக்குத்தானே என்று வேடிக்கை பார்த்தவர்கள் கவனிக்க. 2025 நவம்பர் 21 முதல் தொழில் உறவுகள் சட்டத் தொகுப்பு அமலுக்கு வந்துவிட்டது. முன்பு பொதுப் பயன்பாட்டுச் சேவைகளுக்கு மட்டும் இருந்த முன்நோட்டீஸ் கட்டாயம் இப்போது எல்லாத் தொழில் நிறுவனங்களுக்கும். குறைந்தது 14 நாள் முன்பே சொல்ல வேண்டும். சமரசப் பேச்சு நடக்கும்போது நிறுத்தக் கூடாது. பாதிப் பேர் சேர்ந்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தால் அதுவும் வேலைநிறுத்தம்!

1918ல் திரு.வி.க.வும் பி.பி.வாடியாவும் சென்னைத் தொழிலாளர் சங்கத்தைக் கட்டினார்கள். பின்னி கம்பெனி அவர்கள் மீது வழக்குப் போட்டு இடைக்காலத் தடை வாங்கியது. சங்கம் வைப்பதே குற்றமாக இருந்த அந்த நிலையை மாற்ற 1926ல் தொழிற்சங்கச் சட்டம் வர வேண்டியிருந்தது. நூறு வருஷம் கழித்து, சங்கம் வைக்கலாம், ஆனால் வேலையை மட்டும் நிறுத்தாதே என்கிறார்கள். மணி கட்டிக்கோ, ஆனா அடிக்காதே!

■ நாம் கேட்பது என்ன?

1. சங்கம் சேரும் உரிமை, கூட்டுப் பேர உரிமை பற்றிய ஐ.எல்.ஓ.வின் 87, 98வது உடன்படிக்கைகளை இந்தியா இன்றுவரை ஏற்கவில்லை. ஒன்றிய அரசு ஏற்க வேண்டும்.

2. அத்தியாவசியச் சேவை என்றால் நின்றால் உயிருக்கும் உடல்நலத்துக்கும் ஆபத்து வருகிற சேவை. ஐ.எல்.ஓ.வின் அளவுகோல் அதுதான். ஆபீஸ் கிளார்க்கையும் பள்ளி ஆசிரியரையும் அந்தப் பட்டியலில் அடைக்காதே.

3. உண்மையிலேயே நிறுத்த முடியாத சேவைகளில் நடுநிலையான நடுவர் மன்றம் வேண்டும். அதன் தீர்ப்பு அரசையும் கட்டுப்படுத்த வேண்டும். ஊழியரின் கையைக் கட்டினால் அரசின் கையையும் கட்டு.

4. விசாரணை இல்லாமல் நீக்கும் அதிகாரம் டெஸ்மா, எஸ்மா எந்தப் பெயரில் வந்தாலும் வேண்டாம்.

5. காலிப் பணியிடங்களை நிரப்பு. தொகுப்பூதியம், ஒப்பந்தம், மதிப்பூதியம் என்ற பெயர்களில் நடக்கும் சுரண்டலை நிறுத்து.

தோழர்களே, அடுத்த முறை அந்த மீம் உங்க கைக்கு வரும்போது பகிர்வதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்க. இவங்க எத்தனை நாளா கேட்டுக்கிட்டிருக்காங்க? அரசு அவங்களைக் கூப்பிட்டுப் பேசியதா? கொடுத்த வாக்கு என்ன ஆச்சு?

பதில் தெரிந்த பிறகும் அந்த மீமைப் பகிர உங்களுக்கு மனசு வராது.

உழைப்பவன் கையில் இருப்பது ஒரே ஒரு ஆயுதம். அதையும் பிடுங்க விடமாட்டோம்!

படியுங்கள். பகிருங்கள். பந்தலுக்கு வாருங்கள்.

#வேலைநிறுத்தம்_உரிமை
#டெஸ்மா_வேண்டாம்
#உழைப்பவர்_பக்கம்_நிற்போம்